கொடிக்கம்பமா, ஏரிக்கரையா? பள்ளிக்கூட வரலாற்றுக்கு எந்தப் பருவத்தைப் பிடிப்பது

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆண்டுத் திட்டம் எழுதித் தரச் சொல்வார்கள். சமூக அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் நான் எழுதும் ‘களப்பயணம்’ பத்தி எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே கூட்டிப்போக ஆண்டுக்கு மூன்று நாள் கிடைத்தாலே பெரிது. தேர்வு, ஆசிரியர் பயிற்சி, மழை விடுமுறை, தேர்தல் வேலை எல்லாம் கழித்தால் மிஞ்சுவது அவ்வளவுதான். அந்த மூன்று நாளைப் பொங்கலுக்குக் கொடுப்பதா, சுதந்திர தினத்துக்கா, ஆடிப்பெருக்குக்கா, பனை விதைப்புக்கா, ஏரிக்கா, கீழடிச் சுற்றுலாவுக்கா?

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துபார்த்தவன் நான். எல்லாவற்றிலும் கொஞ்சம் செய்வதுதான் இருப்பதிலேயே மோசமான வழி என்பது எனக்குத் தெரியவே ஐந்தாறு வருடம் ஆனது. அதனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பள்ளி கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அந்தக் காரியம் ஊரில் நடக்கிறதா? பிள்ளைகள் தொட்டுப் பார்க்கப் பொருள் இருக்கிறதா? கேட்க ஆள் இருக்கிறாரா? ஊரில் தொடங்கும் கதை நாட்டு வரலாற்றில் போய்ச் சேருகிறதா? கடைசியாக, அந்த நாளில் எந்தத் தெருப் பிள்ளை ஓரமாக நிற்கவேண்டி வரும்?

ஆகஸ்ட் 15: எளிது, அதனாலேயே வீண்

எல்லாப் பள்ளியிலும் ஏற்கெனவே இருப்பது சுதந்திர தினம். அனுமதி வேண்டாம், பேருந்து வேண்டாம், செலவு மிட்டாய்க்கு மட்டும். மூன்று பாரதியார், இரண்டு கட்டபொம்மன், ஒரு ஜான்சி ராணி. வேடம் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒன்பது மணிக்குக் கொடி ஏறும், பத்தரைக்குப் பள்ளி காலி. பிள்ளைகள் அன்றைக்கு என்ன கற்றார்கள் என்று கேட்டால், கட்டபொம்மனுக்கு ஒட்டிய மீசை பேசும்போது விழுந்துவிட்டது என்பார்கள்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. சுதந்திர வெள்ளி விழா ஆண்டான 1972-இல் போராட்டத் தியாகிகளுக்குச் செப்புப் பட்டயம் கொடுத்தார்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலக வளாகங்களில் அந்த வட்டாரத்துத் தியாகிகளின் பெயர் செதுக்கிய நினைவுத் தூண்களும் நின்றன. பல இடங்களில் இன்றும் நிற்கின்றன, ஸ்கூட்டர் நிறுத்த நிழலாக. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பத்துப் பிள்ளைகளை அங்கே அனுப்பி, தூணில் உள்ள பெயர்களை எழுதிவரச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப்பெயருக்கு நேராக அப்படி ஒரு பெயர் இருந்தது. விசாரித்தோம். குடும்பம் எப்போதோ சென்னைக்குப் போய்விட்டது, வீடு கைமாறிவிட்டது, பட்டயம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் சிறைக்குப் போனது உப்புக்காகவா, கள்ளுக்கடை மறியலுக்காகவா, 1942-லா என்பதைக்கூட எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆனாலும் அந்த வருடம் ஆகஸ்ட் 15 அன்று பேசியவை எல்லாம் கேள்விகள். மீசை ஒட்டவில்லை.

சில ஊர்களில் இன்னொரு கல்லும் உண்டு. 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு (முதல் உலகப் போர்தான்) இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த சிறு பலகை. சாவடிச் சுவரிலோ பழைய பள்ளிக் கட்டடத்திலோ இருக்கும். நம் ஊர்க்காரர் ஏன் அந்தப் போருக்குப் போனார் என்ற கேள்வியை ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், ஒரு பாடவேளை முழுக்கப் பதில் சொல்லலாம்.

ஆக, சுதந்திர தினத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அது எப்படியும் நடக்கும். உங்கள் மூன்று நாளில் ஒன்றை அதற்குக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. அதற்கு முந்தின வாரத்தில் ஒரு மாலை போதும்.

ஆடியும் சித்திரையும்: இடம் அமைந்தால் மட்டும்

ஆடிப்பெருக்கைப் பற்றிக் காவிரிக் கரையில் இல்லாதவர்கள் யோசிக்கவே வேண்டாம். கரையில் இருப்பவர்களுக்குப் பொருள் கொட்டிக்கிடக்கிறது. கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை. அது மணலில் எப்படி நிற்கிறது என்று வியந்து படித்து, 1830-களில் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன். 1934-இல் முடிந்த மேட்டூர் அணை. ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஆண்டுதோறும் டெல்டா காத்திருக்கும் காத்திருப்பு. ஒரே ஆற்றில் சங்ககாலமும் கம்பெனி ஆட்சியும் நேற்றைய செய்தியும் ஓடுகின்றன. பழைய ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடும் வழக்கம் இருந்ததை உ.வே.சாமிநாதையர் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். தமிழ் இலக்கியத்தில் எவ்வளவு கடலுக்குப் போயிருக்கும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கே முப்பது பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவது பைத்தியக்காரத்தனம். கூட்டம், சுழல், வழுக்கும் படிக்கட்டு. ஒவ்வோர் ஆடியிலும் ஆற்றில் யாராவது மூழ்கிய செய்தி வருகிறது. போவதானால் ஒரு வாரம் முன்போ பின்போ போகவேண்டும். அப்படிப் போனால் ஊரே கூடும் நாள் என்ற பலன் போய்விடுகிறது. அதனால் இதை நான் இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன்.

சித்திரையில் வருவது வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறக்குறைய 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு, தஞ்சைப் பகுதி வழியாக நடந்து, 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பள்ளினார். நடப்பவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டினார். மக்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு நிறுத்திவிட்டுச் சிறைக்குப் போன வைரப்பனின் நினைவு அந்த ஊரில் இன்றும் இருக்கிறது. தலைவர்களின் கதையைவிட இந்த இரண்டும்தான் பிள்ளைகள் மனதில் ஒட்டும். ஏப்ரல் என்பது உப்பளங்களில் வேலை மும்முரமாக நடக்கும் காலம் என்பதும் சேர்த்துச் சொல்லவேண்டிய விஷயம். ஐப்பசி மழையில் புறப்பட்டிருந்தால் அள்ளுவதற்கு உப்பு ஏது?

சிக்கல் என்னவென்றால் ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. உப்பளம் பக்கத்தில் இருக்கும் நாகப்பட்டினம், தூத்துக்குடி, மரக்காணம் பகுதிப் பள்ளிகள் மார்ச் மாதத்தில் ஒரு காலை நேரத்தை ஒதுக்கலாம். உப்பளத் தொழிலாளி ஒருவரிடம் பேசவைத்தால் 1930-ம் வரும், இன்றைய கூலியும் வரும். உள்நாட்டுப் பள்ளிகள் இதற்காகப் பேருந்து பிடிக்கவேண்டாம்.

சித்திரை, வைகாசியில்தான் ஊர்த் திருவிழாவும் வருகிறது. தேர், கூத்து, காப்புக் கட்டு என்று வரலாறு நிறையவே இருக்கிறது. ஆனால் எந்தத் தெருவில் சாமி திரும்பும், யார் வடம் பிடிப்பார், யார் பிடிக்கக்கூடாது என்ற வழக்கு பல ஊர்களில் இன்னும் தீரவில்லை. பிள்ளைகள் வீட்டாரோடு போகட்டும். பள்ளி தன் பெயரில் அங்கே போய் நிற்கவேண்டாம்.

கீழடி

பிப்ரவரி வந்தால் சுற்றுலாப் பேச்சு வந்துவிடும். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து கீழடிதான் முதல் தேர்வு. நல்ல இடம், பிள்ளைகளுக்குப் புரியும்படி வைத்திருக்கிறார்கள், பார்க்கத்தான் வேண்டும். என் மனத்தாங்கல் வேறு. பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுக்க முடிந்த பிள்ளைகள்தான் வருகிறார்கள். வந்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கருப்பு சிவப்புப் பானை ஓட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதே ஓடு தங்கள் ஊர் ஏரிக்கரைக்கு மேலே மேய்ச்சல் நிலத்தில் கிடக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. ஊரில் ஒருமுறை தேடிப் பார்த்த பிள்ளைகளைக் கீழடிக்குக் கூட்டிப்போனால் அங்கே அவர்கள் கேட்கும் கேள்வியே வேறு. எனவே இது மூன்றாம் ஆண்டுக்கு, எட்டாம் வகுப்புக்கு.

ஐப்பசிக்கு முன்னால் பனை

பனை விதைப்பை முதலில் நான் வரலாற்றுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது சுற்றுச்சூழல் மன்றத்து வேலை என்று விட்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில் ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் இளைஞர்கள் பனங்கொட்டை ஊன்றுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த வேலைக்குப் பக்கத்திலேயே அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. இரண்டையும் இணைக்க ஒரு பொருள் இருக்கிறது, பனை ஓலை.

உத்திரமேரூர்க் குடவோலை பாடப்புத்தகத்திலேயே வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்குத் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய உறவினர்களுக்கும் இல்லை. இதை வகுப்பில் நடத்திப் பார்ப்பது சுலபம். நிஜ ஓலை, நிஜ குடம், ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு சின்னப் பயல்.

ஆனால் இங்கே ஆசிரியர்கள் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது என்று கைதட்டி முடித்துவிடுகிறார்கள். தகுதிப் பட்டியலை முழுதாகப் படிக்கவேண்டும். அது பிரமதேய ஊர், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்தது. வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், குடம் குலுக்குவதற்கு முன்னால் அந்தத் தகுதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, பொருந்தாதவர்களை உட்காரச் சொன்னேன். முதல் சுற்றிலேயே பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நிலம் என்றதும் பாதிப் பையன்கள். கடைசியில் நின்றது யாருமே இல்லை. ஓலையை எடுக்க வந்த சின்னப் பயல் காலிக் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கடுத்து அக்டோபர் 2 அன்று கிராம சபைக்குப் போய், யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம் என்பதைப் பார்த்தபோது அரசியலமைப்புச் சட்டம் என்ன செய்தது என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது என்ற விதியை மட்டும் ஏன் இப்போது வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பெண் கேட்டாள். தலைமையாசிரியர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பனைக்கு உள்ள குறை, காத்திருக்க வேண்டும். ஊன்றியது மரமாகிப் பாளை விட அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போயிருப்பார்கள். ஓலையைப் பதப்படுத்தத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். எழுத்தாணிக்கு நாங்கள் கூரான ஆணியைத்தான் பயன்படுத்தினோம். கீறிய எழுத்தின் மேல் கரிப்பொடியும் எண்ணெயும் தேய்த்துத் துடைத்ததும் எழுத்து கறுப்பாக எழுந்து வந்தபோது வகுப்பே சத்தம் போட்டது. ஓலையில் ஏன் புள்ளி வைக்க யோசித்தார்கள் என்பதும் அன்றைக்கே புரிந்தது: அழுத்தினால் ஓட்டை விழுகிறது.

பொங்கல்: கல்லும் மாடும்

பள்ளியில் சமத்துவப் பொங்கல் என்று விடுமுறைக்கு முந்தின நாள் பானை வைப்பது இப்போது எங்கும் நடக்கிறது. கரும்பு, கோலம், உறியடி. மகிழ்ச்சிதான், வரலாறு இல்லை. பொங்கல் வாரத்தில் வரலாறு இருப்பது நடுகல்லில், செத்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்லில்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. அவற்றில் பெரும்பகுதி மாட்டுக்காகச் செத்தவர்களுடையது. ஆநிரை கவர்ந்ததும் மீட்டதும்தான் அன்றைய போர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த கல்லில் தமிழ்பிராமி எழுத்தில், ஆநிரை கவர்வதைக் குறிக்கும் ‘ஆகோள்’ என்ற சொல்லே இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள் அந்தக் கதையைச் சொன்னால் மாடு ஏன் செல்வம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. 1,400 வருடத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. எந்த அரசனைப் பற்றிச் சொன்னாலும் எங்கள் பிள்ளைகள் முகத்தில் அந்த வெளிச்சம் வந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. நடுகல் பல ஊர்களில் இன்று ஒரு குடும்பத்தின், ஒரு சாதியின் சாமி. மஞ்சள் பூசி, வேட்டி கட்டி, பூசை நடக்கிறது. போய்க் கல்லைக் கழுவிப் படிக்கிறேன் என்று இறங்கினால் வம்பு. முதலில் பூசை செய்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் கதையைக் கல்லில் இருப்பது மறுக்கலாம். மறுத்தால் அந்த இடத்தில் வாதாடவேண்டாம், வகுப்புக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவையுங்கள்.

தேனிப் பக்கத்தில் இதையே வேறு வகையில் செய்யலாம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15. அன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரப் பொறியாளருக்குத் தமிழ்நாட்டு விவசாயிகள் வைக்கும் பொங்கல், இதைவிட நல்ல பாடம் தேடினாலும் கிடைக்காது. சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று ஊர் சொல்லும். 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையின் வேலை, 1895-இல் தண்ணீர் என்று ஆவணம் சொல்லும். ஊர் ஏன் அப்படிச் சொல்கிறது என்று யோசிக்கவைப்பதில்தான் வரலாற்று வகுப்பு இருக்கிறது.

நடுகல்லும் இல்லை, அணையும் இல்லை என்றால் பொங்கல் பள்ளிக்குப் பெரிதாக எதுவும் தராது.

ஏரி: என் ஓட்டு இதற்குத்தான்

இவ்வளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நான் வந்து நிற்கும் இடம் ஏரிக்கரை. காரணம் முதலில் நாட்காட்டி. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. பள்ளி திறக்கும் ஜூனில் ஏரி வறண்டு கிடக்கும். அக்டோபரில் நிரம்பத் தொடங்கி, நல்ல வருடமானால் டிசம்பரில் நிரம்பி வழிந்து கோடி போகும். அதாவது பள்ளி ஆண்டும் ஏரி ஆண்டும் ஒன்றாகவே தொடங்குகின்றன. ஜூனில் ஒருமுறை உள்ளே இறங்கிப் பார்க்கலாம். பொங்கலுக்கு முந்தின வாரம் கரைமேல் நின்று மறுபடி பார்க்கலாம். இரண்டு நாள்தான் செலவு. இடையில் ஏழு மாதம் அது பிள்ளைகள் வீட்டுப் பேச்சாகவே இருக்கும், ஏனென்றால் மழை வந்தால் ஊரில் எல்லோரும் ஏரியைப் பற்றித்தான் பேசுவார்கள். பேருந்து வேண்டாம், பணம் வேண்டாம், பெற்றோர் கையெழுத்தும் பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலும் போதும்.

இரண்டாவது காரணம், அது பேசும் வரலாற்றின் நீளம். வறண்ட ஏரிக்குள் பழைய தூம்பு, அதாவது வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு இருக்கும். இரண்டு கல்தூண், நடுவில் பலகை, கீழே துளை. சில குமிழித் தூம்புகளில் கட்டியவர் பெயரும் எழுத்தும் உண்டு. அவ்வகைக் கல்வெட்டுகள் பலவற்றின் கடைசியில் ஒரே மாதிரி ஒரு வரி வரும்: இதைக் காப்பவர் பாதம் என் தலைமேல். கட்டியவர், தனக்குப் பின்னால் வந்து மராமத்துச் செய்யப்போகிற முகம் தெரியாத ஆளின் காலைத் தலையில் தாங்குகிறார். இதைப் படித்துக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டும், விளக்கக் கூடாது.

உத்திரமேரூரிலேயே ஏரிக்கென்று தனி வாரியம் இருந்தது. அந்த ஊர் வைரமேக தடாகம் பல்லவர் காலத்தது. வீராணம் பராந்தகன் காலத்தது, இன்று சென்னைக்குக் குடிநீர் தருகிறது. அப்புறம் கம்பெனி வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள விடப்பட்டிருந்த மானிய நிலங்கள் பல இடங்களில் போயின. ஊரார் சேர்ந்து செய்துவந்த குடிமராமத்து தளர்ந்தது. தளர்ந்ததை 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு வாங்கப் பார்த்தார்கள். பிறகு 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். தாது வருசப் பஞ்சம் என்று பாட்டிகள் சொன்னது இதைத்தான். நிவாரண வேலைக்குப் போன ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க ஆங்கில அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். சத்துணவுக்கூடத்துத் தராசில் அந்த அளவு அரிசியை நிறுத்து மேசைமேல் வையுங்கள். இதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படிச் சுமந்தவர்கள் வெட்டியதுதான். பஞ்சத்தில் தப்பியவர்களில் ஏராளமானோர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினார்கள். நாட்டு வரலாறு மட்டுமில்லை, உலக வரலாறே இந்தத் தூம்புக்குள் வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகும் கதை நிற்பதில்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) என்றால் அரசுத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று ஏரி பிரிந்த கதை. கிணறும் ஆழ்துளைக் கிணறும் வந்து ஏரியை மறக்கவைத்த கதை. வரத்துக் கால்வாயில் யார் வீடு கட்டினார்கள் என்ற, ஊரில் யாரும் சத்தமாகச் சொல்லாத கதை. கடைசிக் கதைக்குப் பள்ளி போகும்போது ஜாக்கிரதை. பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு, பெயர் சொல்லாமல் விடுவது நல்லது. பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ஏரியைப் பற்றி யாரைக் கேட்பது? நாங்கள் முதல் வருடம் போனது முன்னாள் ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு. நன்றாகத்தான் பேசினார், எல்லாம் அவர் அப்பா செய்ததாக இருந்தது. மடையைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் விட்டவர் நீர்க்கட்டி. சில ஊர்களில் நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்பார்கள். அந்த வேலை பெரும்பாலும் பட்டியல் சாதிக் குடும்பங்களுடையது. எந்த மடை எப்போது உடைந்தது, எந்த வருடம் ஏரி கோடி போகவில்லை, யார் ராத்திரியில் வந்து தண்ணீர் திருடினார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாம் வருடம் அப்படி ஒரு பெரியவரைக் கரைக்கு அழைத்துவந்தோம். அவர் பேசியது இரண்டு மணி நேரம். எங்கள் பள்ளியில் அதுவரை வாயே திறக்காத ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அன்றைக்கு மற்றவர்களுக்குத் தாத்தாவின் வார்த்தைகளை விளக்கிக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் 15 மேடையில் இது நடக்காது. கீழடியிலும் நடக்காது.

குறைகளும் உண்டு. வெயில் கொளுத்தும், காலை ஏழரைக்குப் போய்ப் பத்துக்குள் திரும்பிவிட வேண்டும். பாம்பு, கண்ணாடிச் சில்லு என்பதால் செருப்பில்லாமல் யாரும் இறங்கக்கூடாது. மண் எடுத்த பள்ளங்களில் ஜூனிலும் தண்ணீர் நிற்கும், அந்தப் பக்கமே போகவேண்டாம். ஜனவரியில் நிரம்பிய ஏரிக்குப் போகும்போது உபரிநீர் வழியும் கலங்கல் பக்கம் அறவே கூடாது. பானை ஓடோ தாழியோ கண்ணில் பட்டால் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும், தோண்டக்கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். எழுத்துள்ள கல்லில் சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் பூசவேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து தானாகத் தெரியும். அது தவறினால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.

நகரத்துப் பள்ளிகள்

ஏரியே இல்லையே என்பார்கள் சென்னைக்காரர்கள். இருக்கிறது, பெயரில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு. எந்த லேக், எந்த டேங்க்? இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதி 1920-களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பிறந்திருக்கவே மாட்டார்கள் அல்லது கைக்குழந்தைகள். ஆனால் எந்த மாடிவரை தண்ணீர் வந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெருப்பெயர்களோடு அதை வரைபடத்தில் குறித்தால் பழைய ஏரி கண்முன்னே நிற்கும். 1639-ஐ நினைவுகூரும் ஆகஸ்ட் 22 சென்னை நாளை ஒட்டி 2004 முதல் நகரில் நடைப்பயணங்கள் நடக்கின்றன. சென்னைப் பள்ளிக்கு ஒரு நாளை அதற்கும், வெள்ளக்கோடு வரைவதற்கு ஒரு நாளை மழைக்காலத்துக்கு முன்னாலும் ஒதுக்கலாம்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை இது: ஜூனில் ஏரி, அக்டோபர் 2-ஐ ஒட்டிப் பனையும் குடவோலையும், பொங்கலுக்கு முன்னால் மறுபடி அதே ஏரி; கரையில் நடுகல் இருந்தால் அதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். மூன்று நாள் முடிந்தது. காவிரிக் கரைப் பள்ளிகள் ஜூன் ஏரிக்குப் பதில் ஜூலையில் கல்லணையை வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் நீர்க்கட்டி வேலை பார்த்தவர் யார் என்று மட்டும் இப்போதே விசாரித்து வையுங்கள். எங்கள் பெரியவருக்கு இந்த வருடம் நடை தளர்ந்துவிட்டது. பேரன் தன் வண்டியில் உட்காரவைத்துக் கரைவரை கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.